கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு பச்சை நாடா

தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் வாழ்கின்ற நம்மில் பலருக்கு, ஊர் என்றதும் நினைவில் முதலில் எழுவது ஒரு நீர்நிலை. கோயில் குளமாகவோ, ஏரிக்கரையாகவோ, வாய்க்கால் படித்துறையாகவோ அது இருக்கலாம். அந்த நீரில் குளித்தோம். அதன் மீன்களுக்குப் பொரி போட்டோம். காலில் சுற்றிக்கொண்ட பாசியை அருவருப்போடு உதறிவிட்டு வீடு திரும்பினோம். உதறிய பாசியைக் கையில் எடுத்துப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? நான் பார்த்தவனல்லன். தில்லியில், அரசாங்கக் குடியிருப்பு ஒன்றின் மாடியில், ஒன்றரை முழ நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று வந்து சேர்ந்த பிறகுதான், நீருக்கடியில் வாழும் ஒரு செடியை முதன்முதலாகக் கூர்ந்து நோக்கினேன்.

அந்தத் தொட்டி மகளின் பிறந்தநாளுக்காக வாங்கியது. நான்கு தங்கமீன்களும், நிறம் மங்காத இரண்டு பிளாஸ்டிக் செடிகளும் அதனுடன் வந்தன. பத்து நாட்களுக்குள் மூன்று மீன்கள் மடிந்தன. கீழ்வீட்டில் குடியிருந்த வங்காளிப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். "மீனைக் குறை சொல்லாதீர்கள். அதற்கு இந்த வீட்டில் துணை இல்லை" என்றார். மறுநாள் தம்முடைய தொட்டியிலிருந்து மூன்று செடிகளை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். பச்சை நாடாவைப் போன்ற மெல்லிய நீண்ட இலைகள். அடியில் வெள்ளை வேர்கள். வாலிஸ்நேரியா என்பது அதன் பெயர் என்றும், வளர்ப்பதற்கு இதைவிட எளிய நீர்ச்செடி கிடையாது என்றும் சொன்னார்.

எஞ்சியிருந்த ஒரு மீன் பிழைத்தது. செடியினால்தான் பிழைத்ததா, அல்லது நெரிசல் குறைந்ததால் பிழைத்ததா என்று அன்று நான் ஆராயவில்லை. ஆனால், மீனுக்குச் செடி துணை என்று முதன்முதலில் கண்டவர் யார் என்ற கேள்வி மனத்தில் நின்றுவிட்டது. அந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றபோது நான் அறிந்த வரலாறுதான் இன்றைய பேச்சின் பொருள்.

வட இந்தியாவில் வாழும் நேயர்கள் 'சேவார்' அல்லது 'சிவார்' என்ற இந்திச் சொல்லைக் கேட்டிருக்கலாம். நீரில் மூழ்கி வளரும் பலவகைச் செடிகளுக்கும் அங்கே அதுவே பொதுப்பெயர். வடமொழியின் 'சைவலம்' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. அதே சைவலம் பாசி என்ற பொருளில் தமிழ் அகராதிகளிலும் இடம்பெற்றிருக்கிறது. அந்தச் சிவார் வெறும் களை மட்டுமன்று. ஆலைச் சர்க்கரை பரவுவதற்கு முன்பு, ஐக்கிய மாகாணம் என்று அன்று வழங்கிய உத்தரப் பிரதேசத்திலும் வங்காளத்திலும், பழுப்புச் சர்க்கரையை வெளுப்பாக்குவதற்கு இதைப் பயன்படுத்தினார்கள். சர்க்கரைக் குவியலின்மேல் ஈரமான சிவாரை மெத்தைபோலப் பரப்பிவைப்பார்கள். அதிலிருந்து மெல்லக் கசியும் நீர், சர்க்கரை மணிகளின்மீது ஒட்டியிருக்கும் பாகைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். மேலடுக்கு வெளுத்ததும் அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டு, புதிய சிவாரைப் பரப்புவார்கள். ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா போன்ற செடிகளே இவ்வாறு பயன்பட்டன. தேவைக்கு வேண்டிய ஈரத்தை, தேவையான வேகத்தில் தருகின்ற செடி என்பதை நம் நாட்டுக் கைவினைஞர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

ஐரோப்பாவில் இதற்குப் பெயர் வந்த கதை வேறு. இத்தாலியத் தாவர அறிஞரான மிக்கேலி 1729இல் வெளியிட்ட நூலில், பதுவா பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக விளங்கிய அந்தோனியோ வல்லிஸ்நேரியின் பெயரை இச்செடிக்குச் சூட்டினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண் செடியையும் பெண் செடியையும் தனித்தனியாகக் கண்ட மிக்கேலி, அவை இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்றே கருதி இரண்டு பெயர்கள் வைத்தார். 1753இல் லின்னேயஸ் அவற்றை ஒன்றாக்கி, வாலிஸ்நேரியா ஸ்பைராலிஸ் என்ற பெயரை நிலைநாட்டினார். ஸ்பைராலிஸ் என்றால் திருகுசுருளாக அமைந்தது என்று பொருள்.

அந்தச் சுருளின் காரணத்தை அறிந்தால், இச்செடியின்மீது மதிப்புப் பிறக்கும். பெண் பூ, நூலைப்போன்ற நீண்ட காம்பின் நுனியில் ஏறிவந்து நீரின் மேற்பரப்பில் அமர்கிறது. ஆண் பூக்கள் மிகச் சிறியவை. செடியின் அடியிலேயே உருவாகின்றன. பருவம் வந்ததும் அவை காம்பிலிருந்து அறுபட்டு, குமிழிகளைப்போல மேலே மிதந்து வந்து மலர்கின்றன. காற்றிலும் அலையிலும் அலைந்து பெண் பூவை அடைகின்றன. மகரந்தம் சேர்ந்தவுடன், பெண் பூவின் காம்பு கம்பிச்சுருளைப்போலச் சுருண்டு, காயை மீண்டும் நீரின் ஆழத்துக்கு இழுத்துக்கொள்கிறது. 1789இல் தாவரங்களின் காதலைப் பாடி ஒரு நெடுங்கவிதை வெளியிட்ட எராஸ்மஸ் டார்வின் என்ற ஆங்கில மருத்துவர், இந்த அதிசயத்தையும் அதில் சேர்த்திருக்கிறார். பரிணாமக் கொள்கையை வகுத்த சார்லஸ் டார்வினுக்கு அவர் பாட்டனார்.

இவ்வாறு தாவர அறிஞர்களுக்கு அறிமுகமான செடி, வீட்டுக் கூடத்துக்கு வந்தது எவ்வாறு? அதற்கு வழி செய்தது மீன்மீது கொண்ட ஆசையன்று. காற்றைப் பற்றிய ஒரு கேள்வி.

எத்தனையோ உயிர்கள் மூச்சுவிட்டும், எத்தனையோ விளக்குகள் எரிந்தும், உலகத்தின் காற்று ஏன் கெட்டுப்போகவில்லை? இங்கிலாந்தில் வாழ்ந்த ஜோசப் பிரீஸ்ட்லி 1771 ஆகஸ்டில் இதைச் சோதித்தார். மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றை ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்து, அதில் ஒரு புதினாக் கிளையை வைத்தார். பத்து நாள் கழித்துப் பார்த்தால், அதே காற்றில் மெழுகுவத்தி மீண்டும் எரிந்தது! கெட்ட காற்றைச் செடி திருத்துகிறது என்று அவர் கண்டார். ஆனால் வேறு சமயங்களில் அதே சோதனை பலிக்கவில்லை. காரணத்தை 1779இல் இங்கன்ஹூஸ் என்ற டச்சு மருத்துவர் விளக்கினார். இலைகளை நீரில் மூழ்கவைத்து வெயிலில் வைத்தார். இலையெங்கும் சிறு குமிழிகள் தோன்றின. இருளில் வைத்தார், குமிழிகள் நின்றுவிட்டன. பசுமையான பாகம் மட்டுமே, அதுவும் வெளிச்சத்தில் மட்டுமே, காற்றைத் திருத்துகிறது; இருளில் செடியும் நம்மைப்போலக் காற்றைக் கெடுக்கவே செய்கிறது என்பது அவர் கண்ட உண்மை. இந்த இரண்டாவது பாதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் பயன்படும்.

அடுத்த படி லண்டன் நகரின் புகையிலிருந்து பிறந்தது. நத்தானியேல் வார்டு என்ற மருத்துவர் தம் வீட்டுத் தோட்டத்தில் பெரணி வளர்க்க விரும்பினார். புகை அவற்றைக் கொன்றது. 1829இல் அவர், ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணுடன் ஒரு புட்டியில் இட்டு மூடிவைத்தார். பூச்சி வெளிவருவதற்கு முன்பே, அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்துவிட்டன. பகலில் மண்ணிலிருந்து எழுந்த ஈரம் கண்ணாடியில் படிந்து, மீண்டும் மண்ணிலேயே இறங்கியது. யாரும் நீர் ஊற்றாமலேயே செடிகள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. வார்டு இதனைப் பெட்டியாக அமைத்தார். 1833இல் செடிகளை அதில் வைத்துக் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன.

இந்தப் பெட்டி உலக வரலாற்றையே மாற்றியது. 1848ஆம் ஆண்டுக்கும் 1851ஆம் ஆண்டுக்கும் இடையில் ராபர்ட் பார்ச்சூன், சீனத் தேயிலைக் கன்றுகளை இதில் வைத்தே இமயமலைச் சாரலுக்குக் கொண்டுவந்தார். பிரேசிலிலிருந்து சென்ற விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து, 1876இல் ஏறத்தாழ 1,900 ரப்பர் கன்றுகளை 38 கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பினார்கள். அந்த விதைகளின் வழிவந்த மரங்களே பின்னர் மலாயாவின் காடுகளை ரப்பர்த் தோட்டங்களாக்கின. அந்தத் தோட்டங்களில் பால் எடுப்பதற்காகத் தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்றவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செடி கண்ணாடிக்குள் பத்திரமாகச் சென்றது. அதன் பின்னால் மனிதன் கப்பலின் அடித்தளத்தில் சென்றான்.

நிலத்துச் செடிக்குக் கண்ணாடிப் பெட்டி கிடைத்தது. நீர்வாழ் உயிர்களைக் கண்ணாடிக்குள் வைத்து ஆராய்ந்தவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். அவர்களில் இரு பெண்மணிகளைக் குறிப்பிட வேண்டும். சிசிலித் தீவில் வாழ்ந்த பிரெஞ்சு மாது ஜான் வில்ப்ரு பவர், 1832இல் கண்ணாடித் தொட்டிகளில் கடல் உயிர்களை வைத்து ஆராய்ந்தார். லண்டனில் வாழ்ந்த அன்னா தின் என்பவர் 1846இல் கடற்கரையிலிருந்து பவளப் பூச்சிகளைக் கொண்டுவந்து வளர்த்தார். நீரில் காற்றுக் கலக்க வேண்டும் என்பதற்காக, அந்த வீட்டுப் பணிப்பெண் நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு நாள்தோறும் ஆற்றி ஆற்றி ஊற்ற வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டில் அவர் கடற்பாசியையும் சேர்த்துக்கொண்டார்.

பணிப்பெண் செய்த வேலையைச் செடி செய்யுமா? நன்னீரில் அதைத் திட்டமிட்டுச் சோதித்தவர் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன விற்பன்னர். லண்டன் மருந்தாளர் சங்கத்தின் கட்டடத்தில் பணிபுரிந்தவர். 1841இல் லண்டன் ரசாயனச் சங்கம் தோன்றுவதற்கு முதன்மைக் காரணமாக இருந்தவர். அவர் 12 காலன், அதாவது ஏறத்தாழ 54 லிட்டர், கொள்ளளவுள்ள ஒரு கண்ணாடிக் கலத்தை எடுத்தார். அடியில் மணலும் சேறும் பரப்பி, சில கற்களை அடுக்கி, பாதியளவு ஊற்றுநீர் நிரப்பினார். வாலிஸ்நேரியாவின் ஒரு செடியை மண்ணில் நட்டு, இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார்.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஆனால் செடியின் பழைய இலைகள் அழுகத் தொடங்கின, நீர் கலங்கியது, கண்ணாடியில் பச்சைப் பிசுபிசுப்புப் படர்ந்தது. சோதனை தோற்றுவிடும்போல் இருந்தது. வாரிங்டன் குளங்களை நினைத்துப் பார்த்தார். குளத்திலும் இலை அழுகத்தானே செய்கிறது? அங்கே அதைத் துப்புரவு செய்பவர் யார்? நத்தைகள் அல்லவா! ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்றன, கண்ணாடியை மேய்ந்தன, நீர் தெளிந்தது. அவை இட்ட முட்டைகள் மீன்களுக்கு இரையாயின. மீன் விடும் கரியமில வாயுவைச் செடி உட்கொண்டு, பிராணவாயுவைத் திருப்பித் தந்தது. நீரை மாற்றாமலேயே மூவரும் வாழ்ந்தார்கள். நாலு காசு பெறாத நத்தை, மூன்றாவது பங்காளியாகச் சேர்ந்த பிறகுதான் அந்தக் குடும்பம் நிலைத்தது.

1850 மார்ச்சில் ரசாயனச் சங்கத்தின் முன் இதைப் பற்றி வாரிங்டன் ஒரு கட்டுரை படித்தார். அதன் தலைப்பை மொழிபெயர்க்க முயன்றேன். தொழில் பழக்கம் விடுவதில்லை. 'பிராணி, தாவர வர்க்கங்களின் உறவுகளை இசைவித்து, இரண்டின் உயிர்த்தொழில்களையும் நிலையாகக் காத்தல் பற்றிய குறிப்புகள்' என்று ஏறத்தாழச் சொல்லலாம். இதில் இரண்டு சொற்கள் என்னை நிறுத்தின. ஒன்று 'இசைவித்தல்', மற்றொன்று 'நிலையாக'. காலம் முதற்சொல்லை ஏற்றுக்கொண்டது. இரண்டாவது சொல்லைத் திருத்தியது. அந்தத் திருத்தத்தைப் பார்ப்பதற்கு முன், ஊரெல்லாம் பரவிய மோகத்தைச் சிறிது சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் கண்ணாடிமீது விதித்திருந்த வரி 1845இல் நீக்கப்பட்டது, கண்ணாடி மலிந்தது. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் மாளிகை ஒன்று திறக்கப்பட்டது. பிலிப் ஹென்றி காஸ் 1854இல் எழுதிய நூலால் 'அக்குவேரியம்' என்ற பெயர் நிலைபெற்றது. நடுத்தரக் குடும்பத்தின் கூடந்தோறும் தொட்டிகள் தோன்றின. செடியையும் மீனையும் போட்டுவிட்டால் தொட்டி தானே நடக்கும் என்று மக்கள் நம்பினார்கள். மீன்களைத் திணித்தார்கள்; தொட்டிகள் நாறின; ஆர்வம் 1860களில் வற்றிவிட்டது. தில்லியில் பத்து நாளில் மூன்று மீன்களைப் பறிகொடுத்தது புதிய தவறன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய தவறுதான்.

தவறு எங்கே? இங்கன்ஹூஸ் கண்ட இரண்டாவது பாதியை மறந்ததில் ஒரு தவறு. இரவில் செடியும் பிராணவாயுவையே உட்கொள்கிறது. தொட்டி நீருக்குப் பிராணவாயு பெரும்பாலும் மேற்பரப்பின் வழியாக வெளிக்காற்றிலிருந்தே கிடைக்கிறது. செடி தருவது அதற்குமேல் வருகின்ற கொடை. இதைவிடப் பெரிய தவறு, கண்ணுக்குத் தெரியாத பங்காளியை அறியாதது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. மணலிலும் கல்லிலும் இலையிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களில் ஒரு வகை அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டுச் செடிக்கு உரம்.

இந்த மாற்றம் இரண்டு படிகளாக, வெவ்வேறு உயிர்களால் நடைபெறுகிறது என்பதைக் காட்டியவர்களில் ஒருவர், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1870களிலிருந்து மண்ணை ஆராய்ந்த ரசாயன அறிஞர். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். தங்கமீன் வளர்த்த வாரிங்டனின் மகன்! 1838இல் பிறந்தவர், தந்தை அந்தக் கண்ணாடிக் கலத்தை அமைத்தபோது பதினோரு வயதுச் சிறுவன். அதைக் குனிந்து பார்க்காமலா இருந்திருப்பான்? தந்தையின் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாமல் உழைத்த பங்காளியை, வேறொரு வழியாக, வயல் மண்ணில் மகன் தேடிக் கண்டார். ஆயினும் அந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுக்கும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1890இல் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி அதைச் செய்தார்.

ஆகவே, மூடிய தொட்டி நிலையாகத் தானே நடக்கும் என்பது மிகை. ஆனால் உறவுகளை இசைவிக்கலாம் என்பது உண்மை. இசைவிப்பது ஒருநாள் வேலையன்று. கழிவு சேர்வதை அகற்றி, குறைவதை நிரப்பி, நாள்தோறும் கவனிக்க வேண்டிய வேலை. புதிய ஊரில் குடியேறிக் குடும்பம் நடத்தும் நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டுமா?

இந்தியாவில் இவ்வரலாற்றுக்கு ஒரு சிறப்பான கிளை உண்டு. கல்கத்தாவில் 1917இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவிய ஜகதீச சந்திர போஸ், குளங்களில் மலிந்து கிடந்த ஹைட்ரில்லாவைத் தம் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். வெளிச்சத்தில் அது விடும் பிராணவாயுக் குமிழிகளைத் தானே பதிவுசெய்யும் ஒரு கருவியை அமைத்தார். மேகம் மறைத்தால் குமிழி குறைவதும், வெயில் வந்தால் பெருகுவதும் காகிதத்தில் பதிவாயின. 1924இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்த ஆராய்ச்சிகளைக் காணலாம். இங்கன்ஹூஸ் கண்ணால் பார்த்த குமிழிக்கு, போஸ் கணக்கு எழுதவைத்தார். பொதுமக்கள் நீர்வாழ் உயிர்களைக் காண்பதற்கான சாலைகளும் நம் நாட்டில் தோன்றின. சென்னைக் கடற்கரையில் 1909இல் ஒன்று திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடப்பட்டது. பம்பாயில் தாராபோர்வாலா மீன் காட்சிச்சாலை 1951இல் திறக்கப்பட்டது. கல்கத்தாவில் வாழ்ந்த நேயர்கள் காலிப் தெருவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையை அறிந்திருப்பார்கள். மீனும் செடியும் வாங்க அங்கே கூடும் கூட்டம் பெரிது.

இனி, இச்செடியை வீட்டில் வளர்க்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். முப்பது நாற்பது லிட்டர் கொள்ளும் தொட்டி போதும். நன்கு கழுவிய பருமணலை இரண்டு அங்குல உயரம் பரப்புங்கள். செடியை நடும்போது வேர் மட்டுமே மணலுக்குள் இருக்க வேண்டும். வேரும் இலையும் சேருகின்ற வெளிறிய கழுத்துப் பகுதி மணலுக்கு மேலே தெரிய வேண்டும். கழுத்தைப் புதைத்தால் செடி அழுகிவிடும். குழாய் நீரில் குளோரின் கலந்திருப்பதால், அதை ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து பயன்படுத்துவது நல்லது. தில்லி, ஜெய்ப்பூர் போன்ற ஊர்களின் கடினநீரைக் கண்டு அஞ்ச வேண்டாம். பருப்பு வேகாத அந்த நீர் வாலிஸ்நேரியாவுக்கு உகந்தது. நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர வெளிச்சம் போதும். வடநாட்டுக் கோடையில் வெயில் நேரே விழும் சன்னலோரத்தில் தொட்டியை வைக்கக் கூடாது, நீர் சூடேறிவிடும். குளிர்காலத்தில் வளர்ச்சி தளரும். வசந்தம் வந்ததும் மீளும்.

நட்ட முதல் இரண்டு வாரங்களில் பழைய இலைகள் கரைந்து போகலாம். செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள். இடம் மாறிய செடி பழைய இலையை உதிர்த்துவிட்டுப் புதிய நீருக்கேற்ற இலையை விடுகிறது. பிறகு மணலின்மேல் ஓடுதண்டு படர்ந்து, ஆங்காங்கே கன்றுகள் தோன்றும். மீன்களை ஒரே நாளில் திணிக்காமல், ஒன்றிரண்டாகச் சில வார இடைவெளியில் சேருங்கள்; மகன் வாரிங்டன் தேடிய நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். தொட்டியிலிருந்து எடுத்த நீரைத் துளசிச் செடிக்கு ஊற்றுங்கள். அதில் உரம் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தப் பேச்சின் மிக முக்கியமான பகுதியும் இதுதான். செடி மிகுதியாக வளர்ந்து, அதைக் குறைக்க வேண்டிய நாள் வரும். அன்று அதை அருகிலுள்ள குளத்திலோ, கால்வாயிலோ, ஆற்றிலோ எறிந்துவிடாதீர்கள்.

வட அமெரிக்காவின் எலோடியா என்ற நீர்ச்செடி 1842இல் ஸ்காட்லாந்தில் காணப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தின் கால்வாய்களை அடைத்து, 1850களில் படகு செல்லவும் இடையூறாயிற்று. அங்கே பரவியது ஏறத்தாழ முழுவதும் பெண் செடியே. விதையே தேவைப்படவில்லை, ஒடிந்த துண்டு போதுமாயிருந்தது. நம் பக்கத்துச் செடியும் அயல்நாட்டில் அவ்வாறே நடந்துகொண்டது. 1950களின் தொடக்கத்தில், இலங்கையிலிருந்து ஹைட்ரில்லாவைத் தொட்டிச் செடியாக அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார்கள். புளோரிடா மாநிலத்தில், வியாபாரி ஒருவர் வேண்டாமென்று கழித்த செடிகள் கால்வாயை அடைந்தன. 1960இல் அதே மாநிலத்தில் இரண்டு இடங்களில் அது வேரூன்றியிருப்பதைக் கண்டார்கள். தண்டு ஒன்று நாளொன்றுக்கு ஓர் அங்குலம் வரை வளரும்; மண்ணுக்குள் கிழங்குகளைச் சேமித்து வைக்கும். இன்றுவரை அதை அடக்குவதற்குப் பெரும்பொருள் செலவிட்டு வருகிறார்கள்.

நம் நாடும் இத்தகைய விருந்தாளியை அறியும். தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த வெங்காயத்தாமரை, வங்காளத்தின் ஆறுகளையும் நெல்வயல்களையும் மூடியது. அதை ஒழிப்பதற்கென்றே 1936இல் வங்காளத்தில் ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. நம் ஏரிகளும் அதற்குத் தப்பவில்லை. இங்கே செடியின்மீது குற்றமில்லை. சொந்தக் குளத்தில் மீனும் நத்தையும் பூச்சியும் அதனோடு இசைந்து அதன் அளவைக் காத்தன. அந்த உறவுகளை அறுத்து, செடியை மட்டும் தனியே கொண்டுசென்று விட்டவன் மனிதன். கூடுதலான செடிகளை நண்பர்களுக்குக் கொடுங்கள். எஞ்சியதை வெயிலில் நன்றாக உலர்த்தி, பூந்தொட்டிக்கு எருவாக்குங்கள்.

எங்கள் வீட்டுத் தொட்டியில் மூன்று செடிகள் முப்பதாகிவிட்டன. நத்தைகள் அழைக்காமலே வந்து சேர்ந்தன. ஏதோ ஓர் இலையில் முட்டையாக ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். செடியைத் தந்த பெரியவர் பணி ஓய்வு பெற்றுக் கல்கத்தாவுக்குத் திரும்பிவிட்டார். சென்ற வாரம், கோவையிலிருந்து மாற்றலாகி எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் தொட்டியைக் கண்டு ஆசைப்பட்டான். மூன்று செடிகளை ஈரத்துணியில் சுற்றி அவனிடம் கொடுத்தேன். "அங்கிள், இது பழைய இலையெல்லாம் கரைஞ்சு போகுமாமே?" என்று கேட்டான், எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறான். "போகும். இரண்டு வாரம் பொறுத்துக்கொள். புது நீர் பழகட்டும்" என்றேன்.